23.4 கிலோ இ-எம்டிபி: 3 கிலோ குறைக்க எந்த பார்ட்டை முதல்ல மாத்தறது?

ஆனமலை_அடிவாரம்

வணக்கமுங்க. ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத) இ-எம்டிபி (மின்சார மலை சைக்கிள்), 29 இன்ச் வீல், நடு மோட்டார், 504 வாட்-அவர் பேட்டரி. பெடல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துத் தொங்கு தராசுல 23.4 கிலோ காட்டுது. ஓட்டற ஆள் பையோட 77 கிலோ. வாராவாரம் ஆழியார் பக்கம் தோப்புத் தடம், இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடம்). மாசம் ரெண்டு தடவை மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏற்றம். வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாதுங்க.

கழட்டி எடை போட்டது இது:

ஃபோர்க் (காயில் ஸ்பிரிங், டிராவல் 120 மி.மீ.) – 2,750 கிராம்
டயர் (கம்பி பீடு, அதாவது ரிம்முல உக்கார்ற ஓரத்துல கம்பி; 29×2.4) – தலா 1,180
ட்யூப் – தலா 240
வீல் ரெண்டும் (டயர், ரோட்டர், கேசட் இல்லாம) – 2,350
கேசட் (பின்சக்கரப் பல்லடுக்கு, ஸ்ராம் என்எக்ஸ், 11-50 பல்) – 615
டிராப்பர் போஸ்ட் (ஓட்டிக்கிட்டே சீட்டை ஏத்தி இறக்கற கம்பம்) – 680
சீட் – 410
ஹேண்டில்பார் (அலுமினியம், 780 மி.மீ.) – 340
சைடு ஸ்டாண்டு – 430
மட்கார்டு ரெண்டும் – 210
பிரேக் 4 பிஸ்டன், ரோட்டர் (டிஸ்க் தட்டு) முன்னும் பின்னும் 203 மி.மீ.

20.4-க்குக் கொண்டு வர முடியுமாங்க? பட்ஜெட் 45,000 ரூபாய். எதை முதல்ல மாத்தறது, எதைத் தொடவே கூடாது? எடை குறைஞ்சா பேட்டரி ரேஞ்சு எவ்வளவு கூடும்?

பீளமேடு_ஸ்பேனர்

பார்ட் பார்ட்டா எடை போட்டுக் கேட்டதே பாதி வேலை முடிஞ்ச மாதிரிங்க. கடைப் பெட்டியில போட்டிருக்கிற எடையை நம்பி வாங்கினா கணக்கு எப்பவும் உதைக்கும்.

மாடிப்படிக்கு முதல்ல ஒரு வழி: பேட்டரியைக் கழட்டித் தனியா ஏத்துங்க. 504 வாட்-அவர் பேட்டரி சுமார் 3 கிலோ இருக்கும். நீங்க கேட்ட 3 கிலோ படிக்கட்டு வரைக்கும் அங்கயே குறைஞ்சுபோச்சு. சாவியும் கனெக்டர் மூடியும் பத்திரம். கனெக்டர்ல செம்மண் தூசி ஏறினா மறுபடி மாட்டறப்ப சிஸ்டம் ஆன் ஆகாம நிக்கும். காஞ்ச பிரஷ்ல தட்டிவிட்டாப் போதும், தண்ணி விட்டுடாதீங்க.

அடுத்தது காசில்லாதது. ஸ்டாண்டும் மட்கார்டும் 640 கிராம். தோப்புத் தடத்துல ஸ்டாண்டு கல்லுல மோதி செயின்ஸ்டே பக்கம் பெயின்ட்டைப் பேக்கும், அதனால கழட்டறதுல நஷ்டமே இல்லை. பெல்லு இருக்கட்டும்.

காசு போடறதுன்னா டயர்ல ஆரம்பிங்க. உங்க டயர் கம்பி பீடு. அதுல ட்யூப்லெஸ் போட முடியாதுங்க. சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஊத்தி எப்படியோ நிக்க வெச்சாலும் சைடுவால்ல வியர்வை மாதிரி கசியும், ஒரு கல்லுல இடிச்சா பீடு ரிம்மை விட்டுக் கழண்டுரும். மடிக்கிற பீடு, ட்யூப்லெஸ்-ரெடின்னு சைடுவால்லயே அச்சடிச்ச டயரா வாங்குங்க. முன்னாடி 850 கிராம், பின்னாடி 950 கிராம் டயர் போட்டா 560 கிராம் குறையும். ட்யூப் 240 போய் அந்த இடத்துல சீலன்ட் 110, டேப், வால்வு 25-ன்னு 135 கிராம் வரும். சக்கரத்துக்கு 105, ரெண்டுக்கும் 210. ஆக மொத்தம் 770 கிராம், அதுவும் சுத்தற எடை. திருப்பத்துலயும் பள்ளம் ஏறி இறங்கறப்பவும் இதுதான் கைக்கு உடனே தெரியும்.

ட்யூப்லெஸ்ல எல்லாரும் சொதப்பறது டேப்ல தான். ரிம் உள்ளகலம் 30 மி.மீ. இருந்தா டேப் 32-லிருந்து 34 வரைக்கும் இருக்கணும். 28 மி.மீ. டேப் கிடைச்சுதுன்னு போட்டா ஓரத்துல சீலன்ட் புகுந்து ஸ்போக் ஓட்டை வழியா ரிம்முக்குள்ள இறங்கும். அப்புறம் ராத்திரிக்கு ராத்திரி காத்து போகும், ஏன்னே தெரியாது. ரிம்மை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல துடைங்க, பெட்ரோல் வேண்டாம். டேப்பைக் கைவலிக்கிற அளவுக்கு இழுத்துப் பிடிச்சு ஒட்டணும், வால்வு ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் ஒண்ணு மேல ஒண்ணு வரட்டும். வால்வுக்கு ஓட்டை போட பிளேடு எடுக்காதீங்க, கிழிசல் ஓடும். ஊசியைச் சூடு பண்ணி ஒரே குத்து. வால்வு நட்டு கைமுறுக்கு மட்டும். பிளையர் போட்டு இறுக்கினா வழியில ட்யூப் மாத்த வேண்டி வரும்போது கழட்ட முடியாது.

பீடு உக்கார புட் பம்பு பத்தாது. வால்வு கோரைக் (வால்வுக்குள்ள இருக்கிற பாகம்) கழட்டிட்டு, பீடு ஓரம் சோப்புத் தண்ணி தடவி, பஞ்சர் கடை கம்ப்ரசர்ல ஒரே மூச்சா காத்து விடணும். பிரெஸ்டா வால்வுக்கு அடாப்டர் கையோட கொண்டு போங்க, கடையில இருக்காது. டப், டப்புன்னு ரெண்டு சத்தம் வந்தா ரெண்டு பக்கமும் உக்காந்தாச்சு. டயர்ல போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்ட விடாதீங்க. லாரி டயருக்கு வெச்ச அழுத்தத்துல கடைக்காரர் விட்டுடுவார், பக்கத்துல நின்னு பார்க்கணும். அப்புறம் காத்தை இறக்கி, சீலன்ட் ஊத்தி, கோர் போட்டு, சக்கரத்தை ரெண்டு பக்கமும் கால் மணி நேரம் படுக்கப் போடுங்க. 100 கிலோ மொத்த எடைக்கு முன்னாடி 22-23 பிஎஸ்ஐ, பின்னாடி 25-26-ல ஆரம்பிச்சுப் பாருங்க.

அதுக்கடுத்து ஃபோர்க். 34 மி.மீ. கால் உள்ள ஏர் ஃபோர்க் சுமார் 1,900 கிராம் வரும். ஒரே பார்ட்டுல 850 கிராம். பட்ஜெட்ல பெரும்பங்கு இதுக்கே போயிரும், ஆனா எடையோட சஸ்பென்ஷனும் மாறிப்போகுது. உங்க எடைக்குக் காத்து வெச்சுக்கலாம், ரீபவுண்டு (அமுங்கி எழும்பற வேகம்) திருப்பிக்கலாம். சீட் 410-ஐ 240-க்கு மாத்தினா 170. ஹேண்டில்பார் இப்போதைக்கு வேண்டாம், 70 கிராமுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை.

கூட்டிப் பாருங்க: 640 + 770 + 850 + 170 = 2,430. பைக் 20.97-க்கு வந்துரும்.

காங்கேயம்_கொறங்காடு

ஸ்பேனர் அண்ணா சொன்னதுல டயர் எடை மட்டும் ஒத்துக்க முடியலீங்க. 850 கிராம் டயர் கோத்தகிரி தார் ரோட்டுக்குச் சரி. இட்டேரிக்கு ஆகாது.

நம்ம பக்கம் கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலத்துக்கு) வேலியே கிளுவைதான். உள்ள நிக்கறது வெள்வேல மரம். வேலி வெட்டிப் போட்ட மாசத்துல தடம் பூரா முள்ளு கிடக்கும். டயர் நடுவுல ஏறின முள்ளை சீலன்ட் பாத்துக்கும். முள்ளு ஏறினதும் பிடுங்காதீங்க, ஓட்டை கீழ வர்ற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வெச்சுட்டு அப்புறம் பிடுங்கினா சீலன்ட் அங்கயே வந்து அடைக்கும். சிக்கல் சைடுவால்ல வரும். மெல்லிசு சைடுவால்ல சீமைக்கருவேல முள்ளு குத்தினா, டயர் வளைஞ்சு நிமிர்றப்பெல்லாம் அந்த ஓட்டை திறந்து திறந்து மூடும். சீலன்ட் அடைச்சது திரும்பப் பிச்சுக்கும். அதுக்குப் பிளக் போட்டாலும் நிக்காது.

இ-பைக்ல பின் டயர் மேல மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து உக்காந்திருக்கு, இழுவையும் அதுதான். கல்லுல இடிச்சா டயர் ரிம்முல நசுங்கி ரெண்டு பக்கமும் வெட்டு விழுகும். அதனால முன்னாடி 950, பின்னாடி 1,050 கிராம் அளவுல தடிச்ச சைடுவால் உள்ளதா எடுங்க. 200 கிராம் கூடத்தான் ஆகுது. ஆனா அந்த 200-ஐ மிச்சம் பிடிக்கப் போய், பைக்குள்ள ரெண்டு ஸ்பேர் ட்யூப் வெச்சுச் சுமந்தீங்கன்னா 480 கிராம்.

டிபியு (மெல்லிசு பிளாஸ்டிக்) ட்யூப் 90 கிராம்தான்னு யாராவது சொல்லுவாங்க. எடை உண்மைதான். ஆனா முள்ளு குத்தினா தானா அடைக்காது, சாதாரண ரப்பர் பேட்ச்சும் ஒட்டாது, அதுக்குன்னு வர்ற பேட்ச்தான் வேணும். அவசரத்துக்குப் பையில ஒண்ணு இருக்கட்டும், அதுக்கு அது அருமையான சாமான். மடிச்சா தீப்பெட்டி ரெண்டு அளவுதான்.

இன்னொண்ணு, சீலன்ட் பாட்டில்ல ஆறு மாசம்னு போட்டிருக்கும். பங்குனி, சித்திரை வெயில்ல அது ரெண்டு மாசத்துலயே காஞ்சு ரப்பர் உருண்டையா கிடக்கும். ஆறு வாரத்துக்கு ஒருக்கா வால்வு கோரைக் கழட்டி, மெல்லிசு குச்சியை உள்ள விட்டுப் பாருங்க. ஈரம் ஒட்டலைன்னா 60 மில்லி ஊத்துங்க. பைக்கை மொட்டை மாடி வெயில்ல நிறுத்தறவங்க இன்னும் சீக்கிரமே பாக்கணும். லேடெக்ஸ் சீலன்ட் போட்ட டயருக்கு சிஓ2 குப்பில காத்து விடறதும் ஆகாது, குளிர்ச்சில சீலன்ட் திரைஞ்சு போயிரும்.

ஆனமலை_அடிவாரம்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். டயர் காங்கேயத்துக்காரர் சொன்ன எடையிலயே எடுத்துக்கறேன். அப்படின்னா 2,230 கிராம், பைக் 21.17 வருது. மிச்சம் 800 கிராமுக்கு மூணு யோசனை: கேசட்டை டியோர் ஆக்கறது, ரோட்டரை 180 ஆக்கறது, கோயமுத்தூர் லேத் பட்டறையில கொடுத்து ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கிற துண்டு), கிராங்க் ஆர்ம்ல ஓட்டை போட்டு எடை எடுக்கறது. சரி வருமாங்க?

மேட்டுப்பாளையம்_ரெண்டாம்_கியர்

மூன்றுமே வேண்டாம். காரணத்தோடு சொல்கிறேன், ரேஞ்சு கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790. ஏறுவது ஏறத்தாழ 1,450 மீட்டர். ஒரு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 14.2 கிலோஜூல், அதாவது 4 வாட்-அவர் வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கை மோட்டார் கொடுக்கிறது, மோட்டாரின் திறன் 80 விழுக்காடு என்று வைத்தால் பேட்டரியிலிருந்து போவது 3.3 வாட்-அவர். 3 கிலோ குறைத்தால் முழு ஏற்றத்துக்கும் 10 வாட்-அவர் மிச்சம். 504-இல் அது 2 விழுக்காடு. ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் கூடுதலாகப் போகலாம், அவ்வளவுதான். ரேஞ்சுக்காக எடை குறைக்காதீர்கள். சின்ன கியரில் நிமிடத்துக்கு 75-80 சுற்று மிதித்தால் இதைவிட அதிகம் மிச்சமாகும். 50 சுற்றில் அழுத்தி அழுத்தி மிதிக்கும்போது மோட்டார் சூடாகிறது, அந்தச் சூடு பேட்டரியிலிருந்து போனது. எடை குறைவது கையாள்வதற்கு, தூக்குவதற்கு, மோட்டார் அணைத்து ஓட்டுவதற்கு நல்லது. அந்த மூன்றுக்குமே முன்சக்கரமும் ஃபோர்க்கும்தான் அதிகம் பயன் தரும்.

இனி ரோட்டர். 100 கிலோவை 1,450 மீட்டர் ஏற்றினால், இறங்கும்போது அத்தனை ஆற்றலும், 1.4 மெகாஜூல், எங்காவது போக வேண்டும். ஒரு பகுதி காற்றில் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வேகத்தை 20-க்குள் வைத்து இறங்கும்போது பெரும்பகுதி இரண்டு ரோட்டரிலும்தான் இறங்குகிறது. 203-ஐ 180 ஆக்கினால் ஒன்றுக்கு 40 கிராம் குறையும். அதற்குப் பதில் கிடைப்பது, பாதி மலையில் லீவர் கைப்பிடி வரை வரும் பிரேக். 203 இருக்கட்டும், பேட் மட்டும் சின்டர்டு உலோகப் பேடாக மாற்றுங்கள். ரெசின் மட்டும் என்று ரோட்டரிலேயே எழுதியிருந்தால் ரோட்டரையும் மாற்ற வேண்டும்.

கேசட்டுக்கு வருவோம். என்எக்ஸ் 615 கிராம். டியோர் எம்6100 அதே வரிசையில் 593. வித்தியாசம் 22 கிராம், ஒரு கைப்பிடிப் பொரிகூட இல்லை. அதோடு உங்கள் ஹப்பில் இருப்பது ஹெச்ஜி வகை ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் உருளை). டியோர் 10-51 அதில் ஏறவே ஏறாது, மைக்ரோ ஸ்ப்லைன் வகை ஃப்ரீஹப் வேண்டும். ஸ்ராம் ஜிஎக்ஸ் சுமார் 450 கிராம், அதற்கு எக்ஸ்டி (XD) ஃப்ரீஹப் வேண்டும். ஷிமானோ எக்ஸ்டி (XT) எம்8100 470 கிராம், அதற்கும் மைக்ரோ ஸ்ப்லைன்தான். பெயரில் குழம்பாதீர்கள்: ஸ்ராமின் எக்ஸ்டி (XD) ஃப்ரீஹப் வேறு, ஷிமானோவின் எக்ஸ்டி (XT) கேசட் வேறு. உங்கள் ஹப்புக்கு அந்த ஃப்ரீஹப் உடம்பு தனியாகக் கிடைக்கிறதா என்று பார்க்காமல் கேசட் வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும்.

கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். எம்8100-இல் 45, 51 பல் இரண்டும் அலுமினியம். கோத்தகிரி ஏற்றத்தில் நீங்கள் நேரம் முழுக்க இருப்பது அந்த இரண்டில்தான். காலோடு மோட்டாரும் சேர்ந்து இழுக்கிறது. மோட்டார் இல்லாத சைக்கிளில் இலகுவான கேசட் ஒரு சுகம். இங்கே எஃகு கேசட்டை வைத்துக்கொண்டு செயினைத் தவறாமல் மாற்றுவதுதான் கணக்கு. 12 வேகத்துக்குச் செயின் அளவுகோல் 0.5 காட்டியதும் மாற்றிவிடுங்கள். 0.75 வரை ஓட்டினால் புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும், கேசட்டும் சேர்ந்து போகும்.

பின்சக்கரமும் அப்படியே. 32 ஸ்போக், பித்தளை நிப்பிள், தடித்த ரிம் என்று கனமாகக் கட்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எடை குறைக்க அலுமினிய நிப்பிள் போட்டால், மோட்டார் இழுப்பில் தளர்ந்த ஸ்போக்கை இறுக்கும்போது தலை வட்டமாகிவிடும். 800 கிராம் கட்டாயம் வேண்டும் என்றால் முன்சக்கரம் மட்டும் மாற்றுங்கள், 200 கிராம் கிடைக்கும். அச்சு அளவு ஃபோர்க்கோடு சேர வேண்டும், அதனால் ஃபோர்க் முடிவான பிறகு.

பீளமேடு_ஸ்பேனர்

ரெண்டாம் கியர் சொன்னதுக்கு மேல கேசட்ல பேச ஒண்ணுமில்லைங்க. காங்கேயத்துக்காரர் சொன்ன டயரும் சரி, உங்க தடத்துக்கு அதுதான்.

லேத் யோசனை ஆபத்துங்க. ஸ்டெம், கிராங்க் ஆர்ம், ஹேண்டில்பார் எல்லாம் எங்க விசை வருதுன்னு பாத்து அளவா உலோகம் வெச்சது. ஓட்டை போட்ட விளிம்புல இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். அலுமினியம் வளைஞ்சு காட்டிக் கொடுக்காது, ஒரு நாள் பட்டுன்னு போயிரும். மோட்டாரை ஃப்ரேமோட பிடிக்கிற போல்ட்டு, பிரேக் காலிப்பர் போல்ட்டு இதுலயும் அலுமினியம் போடறது கூடவே கூடாது. லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியது வேற: ஹெட்செட் (ஹேண்டில் திரும்பற பேரிங்) மேல வைக்கிற ஸ்பேசர். 6061 ராடுல உள்விட்டம் 28.6 மி.மீ.க்குக் கொஞ்சம் தளர்வா, உங்களுக்கு வேணுங்கற உயரத்துல அழகா கடைஞ்சு கொடுப்பாங்க. ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும்னு சொல்லிக் கொடுங்க, இல்லைன்னா ஹெட்செட் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் ஆடும்.

ஃபோர்க் வாங்கறதுக்கு முன்னாடி நாலு அளவு எடுங்க. ஸ்டீரர் (ஃபோர்க்கோட மேல்குழாய்) டேப்பரா, நேர் குழாயா. ஆக்ஸில் 15×110-ஆ, 15×100-ஆ, பழைய 9 மி.மீ. குவிக் ரிலீஸா. காயில் ஃபோர்க் வந்த பைக் பலதுல 100 தான் இருக்கும். 110 ஃபோர்க் வாங்கினா பழைய முன்சக்கரம் உக்காராது, அப்ப முன்சக்கரச் செலவும் சேர்ந்துக்கும். மூணாவது, பிரேக் மவுன்ட்டு. புது ஃபோர்க் 180-க்கு நேரடியா இருந்தா 203-க்கு அடாப்டர் வேணும். நாலாவது, டிராவல், அதாவது ஃபோர்க் அமுங்கற தூரம். 120 இருந்த இடத்துல 120, மிஞ்சினா 130. 140 கிடைக்குதுன்னு போட்டீங்கன்னா முன்னாடி 20 மி.மீ. தூக்கும், ஹெட் கோணம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சாயும். செங்குத்து ஏற்றத்துல முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஃப்ரேம் வாரன்டியும் கேள்விக்குறி. இ-பைக்குக்குப் போடலாம்னு தயாரிப்பாளரே சொன்ன ஃபோர்க்கா பாருங்க.

மாட்டறப்ப கிரவுன் ரேஸை (ஃபோர்க் மேல உக்கார்ற ஹெட்செட் வளையம்) சுத்தியல்ல நேரா அடிக்காதீங்க, சரியான விட்டத்துல பிவிசி குழாய் வெட்டி அதை மேல வெச்சுத் தட்டினா சமமா இறங்கும். ஸ்டீரர் வெட்டறதுக்கு முன்னாடி ஸ்பேசர், ஸ்டெம் எல்லாம் கோத்துப் பாத்து, மேல் ஸ்பேசருக்கு 3 மி.மீ. கீழ வர்ற மாதிரி குறிச்சு வெட்டுங்க. முதல் தடவை ஒரு ஸ்பேசர் கூடவே வெச்சு வெட்டறது நல்லது, குட்டையாப் போனா திருப்பி ஒட்ட முடியாது. பிசிறை அரம் போட்டு எடுத்துட்டு ஸ்டார் நட்டை 15 மி.மீ. ஆழத்துல நேரா இறக்குங்க. ஸ்டெம் போல்ட்டு அதுலயே போட்டிருக்கிற அளவுதான், பெரும்பாலும் 5 நியூட்டன்-மீட்டர், டார்க் ரெஞ்சு இல்லாம கைக்கணக்குல இறுக்க வேண்டாம்.

காத்து வெக்கறப்ப சாக் (ஆள் எடைக்கு ஃபோர்க் அமுங்கற அளவு) 20-லிருந்து 25 சதவீதம். 120-க்கு 24-30 மி.மீ. பையை மாட்டிக்கிட்டு, ஷூ போட்டு, நின்ன நிலையில அளங்க. நம்ம செம்மண் தூசி சீல் ஓரத்துல பசை மாதிரி பிடிக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் துணியில துடைச்சுப்போடுங்க, பிரஷர் வாஷ் அடிக்காதீங்க. கீழ்க்கால் ஆயில் 50 மணி நேரத்துக்கு ஒருக்கா.

ஆனமலை_அடிவாரம்

ஃபோர்க் 15×110, பழைய சக்கரமும் 110 தானுங்க, நல்ல வேளை. டயர் ரெண்டும் ட்யூப்லெஸ் ஆயிருச்சு. இப்ப ஒரே ஒரு சிக்கல்: பின்சக்கரம் கழட்டி மாட்டினதுல இருந்து டிஸ்ப்ளேல வேகம் 0 காட்டுது, கொஞ்ச நேரத்துல உதவியும் நின்னுருது. மோட்டார் போச்சுங்களா?

மேட்டுப்பாளையம்_ரெண்டாம்_கியர்

மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. பின் ஸ்போக்கில் ஒரு காந்தம் இருக்கும், டயர் மாற்றும்போது கை பட்டுத் திரும்பியிருக்கும் அல்லது கீழே நழுவியிருக்கும். செயின்ஸ்டேயில் உள்ள சென்சாரின் குறிக்கு நேராகக் கொண்டுவந்து, இடைவெளி 5-லிருந்து 15 மி.மீ.க்குள் இருக்கும்படி வைத்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு சிஸ்டத்தை அணைத்துப் போடுங்கள். சில பைக்குகளில் காந்தம் ஸ்போக்கில் இல்லாமல் ரோட்டரிலோ ரோட்டர் லாக்ரிங்கிலோ இருக்கும், அப்படியானால் சக்கரம் ஆக்ஸிலில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புது டயரின் சுற்றளவையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்: தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, வால்வு கீழே இருக்க, ஆள் ஏறி உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று உருட்டி, மறுபடி வால்வு கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடைப்பட்ட மில்லிமீட்டரை செட்டிங்கில் கொடுத்தால் வேகமும் தூரமும் சரியாகக் காட்டும்.

ஆனமலை_அடிவாரம்

காந்தம் தானுங்க. ஸ்போக்ல ரெண்டு விரல் கீழ இறங்கிக் கிடந்துது. இப்ப வேகம் காட்டுது, உதவியும் நிக்கலை. சுற்றளவு 2,310 மி.மீ. வந்துது, போட்டாச்சு.